அண்ணை மறந்துபோன சண்டை

என் அண்ணை மார்க்கண்டு துலா மிதிப்பதைப் பார்க்க, நீர்வேலி றோட்டால் போகிறவர்கள் வேலியோரம் நின்றதுண்டு. தங்கச்சி என்பதால் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அவரைப் பற்றிக் குறை சொல்ல என்னிடம் மூட்டை மூட்டையாக இருக்கிறது, அதெல்லாம் பின்னால் வரும். ஆனால் துலாவில் ஏறிவிட்டால் அந்த மனுசனுக்கு இணை கிடையாது.

துலாவைக் காணாதவர்களுக்காகச் சொல்கிறேன். கிணற்றடியில் நட்ட கால்களின் மேல் ஏறி இறங்கும் நீண்ட மரம் அது. அதன் மேல் ஒருவர் முன்னும் பின்னும் நடப்பார். கிணற்றுப் பக்கம் நடந்தால், தண்ணீர் அள்ளுகிற பனையோலைப் பட்டை கீழே இறங்கும், பின்பக்கம் நடந்தால் நிரம்பி மேலே வரும். பட்டை தொங்குகிற நீண்ட தடியைக் கொடி என்போம். கிணற்றடியில் இன்னொருவர் அந்தக் கொடியைப் பிடித்து இறக்கி, மேலே வருகிற தண்ணீரைக் கல்தொட்டியில் ஊற்றுவார். அவருடைய கை தவறினால் மேலே நிற்பவர் கவிண்டு விழவேண்டியதுதான்.

மேலே அண்ணை, கீழே என் மனுசன். கலியாணமான நாளிலிருந்து அப்படித்தான். என் மனுசனின் பெயரை நான் வாயால் சொல்வதில்லை. ஊர் அவரை நன்னித்தம்பி என்று கூப்பிடும், உங்களுக்கு விளங்குவதற்காக நானும் இந்த ஒரு தடவை சொல்லி வைக்கிறேன். கிணறு எங்கள் ஐயாவுடையது. பாதி அண்ணைக்கு, பாதி எனக்குச் சீதனம். ஒரு நாள் அவருடைய முறை, மறுநாள் எங்களுடைய முறை. ஆனால் இரண்டு முறைக்கும் இரண்டு பேரும்தான் இறைத்தார்கள். வாழைக்கும் மிளகாய்க்கும் தண்ணீர் கட்டுவது நான்.

ஒவ்வொரு விடியலும் அண்ணை துலாவில் கையை வைத்துக்கொண்டு, "பிடிச்சாச்சோ, மச்சான்?" என்று கேட்பார். "ஓம், பிடிச்சிருக்கிறன். ஏறு," என்று கீழேயிருந்து பதில் வரும். பதில் வராமல் ஏறக்கூடாது என்பது ஐயா வைத்த சட்டம். எங்கள் ஐயா மட்டுமல்ல, தோட்டக்காரர் எல்லாருடைய ஐயாமாரும் வைத்த சட்டம்.

அப்படி இருந்த வீட்டுக்குள் தேர்தல் வந்து குந்திக்கொண்டது. முதல் தடவை எங்கள் பக்கத்தில் தேர்தலே வேண்டாம் என்று பகிஷ்கரித்திருந்தார்கள். அதனால் இதுதான் ஊருக்கு முதல் வோட்டு. ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. வாசிக்கத் தெரியாத சனத்துக்காக தேர்தலில் நிற்கிற ஆளுக்கொரு நிறத்தில் பெட்டி வைத்தார்கள். பட்டணத்தில் வழக்குப் பேசுகிற அப்புக்காத்து ஒருவருக்குப் பச்சைப் பெட்டி. பென்சன் எடுத்த டாக்குத்தர் ஒருவருக்குச் சிவப்புப் பெட்டி. இரண்டு பேரும் ஒருநாளாவது எங்கள் தோட்டத்து மண்ணை மிதித்தவர்கள் இல்லை.

அண்ணை பச்சை. சந்தியில் கடை வைத்திருந்த தியாகராசாதான் ஊரில் பச்சைக்குத் தலைவர். அவர் கடை முன் மரவாங்கிலில் இருந்து பேப்பரை வாசிக்க, அண்ணை வாயைப் பிளந்துகொண்டு கேட்பார். வாசித்து முடிந்ததும் தானே எழுதியது மாதிரி வீட்டுக்கு வந்து எங்களுக்குச் சொல்லுவார். என் மனுசன் சிவப்பு. தன் தாய் சாகக் கிடந்தபோது அந்த டாக்குத்தர் நாடி பிடித்துப் பார்த்தார் என்பது ஒன்றுதான் காரணம். முதலில் பகிடியாகக் கதைத்தார்கள், பிறகு முறைத்தார்கள். ஒரு நாள் கிணற்றடியில் அது வெடித்தது.

சிவப்புக்காரன் பிடிக்கிற துலாவில் தான் ஏறமாட்டேன் என்று அண்ணை கத்தினார். உன் மண்டையை உடைத்தால்தான் உனக்குப் புத்தி வரும் என்று என் மனுசன் கத்தினார். அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் நின்றவர்கள் எல்லாரும் அதைக் கேட்டார்கள். நான் நடுவில் போய் நின்றேன். அண்ணை என் பக்கம் திரும்பினார்.

"நீ உவன்ரை பக்கம் எண்டால், இனி என்ரை செத்தவீட்டுக்கும் வராதை," என்றார்.

எங்கள் ஊரில் இதற்கு மேலே ஒரு வசனம் இல்லை. கலியாணத்துக்கு வராதே என்றால் ஆறப்போட்டு ஒட்டலாம். செத்தவீட்டுக்கு வராதே என்றால் உறவைக் கொள்ளி வைத்துவிட்டார்கள் என்றுதான் கருத்து. அன்றைக்கே எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவிலிருந்த வேலிப் பொட்டை, நாங்கள் நாள்தோறும் போய்வருகிற அந்த இடைவெளியை, அண்ணை கிடுகு வைத்துக் கட்டி அடைத்தார். நான் குசினிக்குள் அடுப்படியில் இருந்து அந்தக் கயிறு இழுபடுகிற சத்தத்தைக் கேட்டு அழுதேன். பிறகு இரண்டு பேரும் தங்கள் முறைக்குக் கூலிக்கு ஆள் பிடித்து இறைத்தார்கள்.

சில கிழமை போயிற்று. எங்கள் முறை நாளில் ஒரு விடியல், கூலியாள் வருமுன் என் மனுசன் கிணற்றடிக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் அவர் என்னைக் கூப்பிட்டுக் குளறுகிற சத்தம் கேட்டது. ஓடினேன். கல்தொட்டியடியில் என் மனுசன் குந்தியிருந்தார். அவர் மடியில் அண்ணையின் தலை கிடந்தது. என் மனுசனின் சால்வை முழுக்க இரத்தம். அண்ணைக்கு மூச்சு மட்டும் இருந்தது. வண்டில் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம்.

நாங்கள் திரும்பி வருமுன் தியாகராசாவின் கடையில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. மண்டையை உடைப்பேன் என்று சொன்னவன் உடைத்துவிட்டான், இரத்தம் அவன் சால்வையில் இருக்கிறது, இன்னும் என்ன வேண்டும் என்றார்கள். ஊர்த் தலைமைக்காரர் விதானையார் பொலிசோடு வந்தார். என் மனுசனைப் பிணையில் எடுக்க நான் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. எங்களுக்காக வழக்கை எடுத்த பிறக்கிராசியார் ஒளிக்காமல் சொன்னார். அடிபட்டவர் எழும்பிக் கோட்டில் வந்து என்ன சொல்கிறாரோ அதுதான் வழக்கு, நன்னித்தம்பி அடித்தான் என்று அவர் சொன்னால் மறியலில் கம்பி எண்ணவேண்டியதுதான் என்றார்.

அவர் அடித்தாரா என்று நானே கேட்டேன். ஏன் கேட்கக்கூடாது? ஒரு பக்கம் கூடப் பிறந்தவன், மறுபக்கம் கட்டிக்கொண்டவன். நான் கல்லா? வைரவர் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணுங்கோ என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அடிக்கவில்லை, அங்கே கிடக்கத்தான் கண்டேன் என்று ஒரு தடவை சொன்னார். பிறகு பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு தோட்டத்துக் கொட்டிலில் போய்ப் படுத்தார். கிணற்றுக்கும் அவருக்கும் மட்டும்தான் பேச்சு.

அண்ணை கண் முழித்தார். ஆனால் முழித்தது பாதி அண்ணைதான். தன் மனுசி சிவக்கொழுந்தை எங்கள் அம்மாவின் பெயர் சொல்லிக் கூப்பிட்டாராம். விளக்கைக் காட்டிக் குடை என்றாராம். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு பரியாரியார் எண்ணெய் கொடுத்தார். மிச்ச வைத்தியமெல்லாம் சிவக்கொழுந்துதான். இது செம்பு, இது சுளகு, இது உங்கடை சால்வை என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொடுப்பாள். அவர் பிழையாகச் சொன்னால் சிரிப்பாள், சரியாகச் சொன்னால் அழுவாள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்கும் அவளுக்கும் அந்த நேரம் பேச்சுப் பறைச்சல் இல்லை. ஆனாலும் அவளை எண்ணி எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு காலமை நான் முற்றம் கூட்டிக்கொண்டு நிற்க, வேலி சரசரத்தது. பார்த்தால் தலையில் கட்டோடு அண்ணை, கிடுகைப் பிய்த்து எறிந்துகொண்டிருக்கிறார்.

"பொட்டை ஆர் அடைச்சது, பிள்ளை?" என்று கேட்டார்.

அடைத்தவரே நின்று கேட்டால் என்னத்தைச் சொல்ல? அவர் தன் பாட்டுக்கு வந்து குசினி வாசலில் இருந்து, கஞ்சி இருக்கிறதா என்றார். மச்சான் எங்கே, இறைக்கப் போகவில்லையா என்றார். சண்டை என்று ஒன்று நடந்ததே அந்தத் தலைக்குள் இல்லை. தேர்தலும் இல்லை, பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. பின்னால் ஓடிவந்த சிவக்கொழுந்து பொட்டுக்குள் நின்று தயங்கினாள். நானும் அவளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பிறகு நான் இரண்டு கோப்பையில் கஞ்சி வார்த்தேன். அவள் வந்து குடித்தாள்.

அதற்குப் பிறகு அண்ணை நாளுக்கு நாள் தேறினார். சொற்கள் வந்தன. சிறுவயதில் ஐயாவிடம் வாங்கிய அடி வரை ஞாபகம் வந்தது. கடைசி ஒன்றிரண்டு வருசம் மட்டும் வெறும் தரையாகக் கிடந்தது. அந்த வெறும் தரையைக் கண்டுபிடித்துத் தியாகராசா விதைக்க வந்தார். பின்னேரம் பின்னேரம் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து இருப்பார். நன்னித்தம்பி பின்னால் வந்தான், மண்வெட்டிப் பிடியால் அடித்தான், நீ விழுந்தாய் என்று பாடம் சொல்வார். வழக்கு நாள் வருமுன் சந்தியில் ஒரு பெரிய கூட்டம் இருந்தது. அதில் அண்ணையைக் கட்டோடு மேடையில் ஏற்றி அதையே சொல்ல வைக்கவேண்டும் என்பது அவர் திட்டம். உடைந்த மண்டை ஒன்று எத்தனை வோட்டு என்று அவருக்குத் தெரியும்.

முதலில் அண்ணை சிரித்துக்கொண்டு தலையாட்டினார். ஒரு நாள் என்னிடம் வந்து மெல்லச் சொன்னார், கண்ணை மூடினால் இப்போது மச்சான் மண்வெட்டிப் பிடியோடு வருவது தெரிகிறது என்று. இன்னும் ஒரு கிழமை போனால் அந்த மனுசன் அதைச் சத்தியமாகவே நம்பிவிடுவார். நம்பினதைக் கோட்டில் சொல்லுவார். என் மனுசன் மறியலுக்குப் போவார்.

நான் அண்ணையின் கையைப் பிடித்தேன். வாருங்கோ கிணற்றடிக்கு என்று கூட்டிக்கொண்டு போனேன். சிவக்கொழுந்தும் பின்னால் வந்தாள். மனதுக்குள் எனக்கும் பயம்தான். கிணற்றடியில் அவர் ஞாபகம் கொள்வது தியாகராசா சொன்னதாகவே இருந்துவிட்டால்? இருந்தாலும் எனக்கு உண்மை வேண்டும். பொய்யைத் தின்றுகொண்டு எத்தனை நாளைக்கு இருப்பது.

என் மனுசன் கொடியடியில் தனியே நின்றார். ஊர்ப் பயத்தில் கூலியாளும் வருவதை நிறுத்தியிருந்தான். அண்ணையைக் கண்டதும் அவர் முகம் இறுகிவிட்டது. அண்ணை துலாவைப் பார்த்தார், தொட்டுத் தடவினார். பிறகு கையை மரத்தில் வைத்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காதது போல வழக்கப்படி கேட்டார்.

"பிடிச்சாச்சோ, மச்சான்?"

என் மனுசன் பதில் சொல்லவில்லை. கோபத்தில் அல்ல. ஓம் என்றால் இந்த உடைந்த தலையோடு ஏறிவிடுவானே என்ற பயம் என்று பிறகு எனக்குச் சொன்னார். கொடி மட்டும் காற்றுக்குக் கிறீச்சிட்டது. அண்ணை மரத்திலிருந்து கையை எடுத்தார். அவர் அப்படியே நிலத்தில் குந்திவிட்டார்.

"அண்டைக்கும் ஒருதரும் ஓம் எண்டு சொல்லேல்லை," என்றார்.

அதன் பிறகு துண்டு துண்டாக வந்தது. அன்றைக்குச் சிவப்பு டாக்குத்தர் எங்கள் றோட்டால் காரில் வருவதாக இருந்ததாம். எங்கள் முறை நாளும் அதுதான். துலாவின் நுனியில் ஒரு பச்சைத் துணியைக் கட்டிவிட்டால், என் மனுசன் இறைக்க இறைக்க அவர் தலைக்கு மேலே பச்சைக்கொடி ஏறி இறங்கி ஆடும், டாக்குத்தர் காரிலிருந்து பார்த்துவிட்டுப் போவார். இதுதான் என் அண்ணையின் அரசியல். விடியுமுன் தனியாக வந்திருக்கிறார். துலாவில் கையை வைத்ததும் வாய் தன் பாட்டுக்குப் பிடிச்சாச்சோ என்று கேட்டிருக்கிறது. பதில் வரவில்லை. அவன் கை எனக்கு என்னத்துக்கு என்று ஆத்திரத்தில் ஏறி நுனி வரைக்கும் நடந்திருக்கிறார். கொடியைப் பிடிக்க ஆளில்லாத துலா அப்படியே தலைகுப்புறச் சாய்ந்தது. அவர் கல்தொட்டியில் தலை அடிபட விழுந்தார். துணி கிணற்றுக்குள் போய்விட்டது.

என் மனுசன் கொட்டிலுக்குப் போய், வாளி விழுந்தால் எடுக்கிற கொக்கியைக் கொண்டுவந்தார். கிணற்றுக்குள் விட்டுத் துழாவினார். நானும் சிவக்கொழுந்தும் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றோம். சேற்றோடு அது வந்தது. பிழிந்து விரித்தால் பச்சை. என் மனுசன் அதைத் தொட்டியில் போட்டுவிட்டு, முகத்தை மூடிக்கொண்டு சிறுபிள்ளை போல விம்மினார். நான் என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. அன்றைக்கு அவர் பாய் வீட்டுக்குத் திரும்பி வந்தது.

அதோடு முடிந்தது என்று நினைத்தால் இல்லை. அண்ணை நேர்மையாகத் தியாகராசாவிடம் போய் நடந்ததைச் சொன்னார். அவர் தட்டிக்கொடுத்து, தலை உடைந்தவனுக்குக் கண்டது கடியது எல்லாம் தோன்றும், நீ அடிபட்டதுதான் உண்மை, தேர்தல் முடியட்டும் என்று சொல்லி அனுப்பினார். போதாததற்கு, துலாவிலிருந்து தானே விழுந்தான் என்றால் ஊர் உன்னைப் பார்த்துக் காறித் துப்பும் என்றும் சொல்லியிருக்கிறார். அது அண்ணைக்கு நன்றாகச் சுட்டது. இரண்டு நாள் படுத்தே கிடந்தார். கூட்டத்தன்று தியாகராசாவின் கார் வந்தது. அண்ணை வேட்டி கட்டி, தலையில் புதுக் கட்டுப் போட்டு, என் பக்கம் பார்க்காமல் ஏறிப் போனார். முடிந்தது என்று நான் நினைத்தேன்.

நானும் சிவக்கொழுந்தும் நடந்தே சந்திக்குப் போனோம். பெண்களுக்கு என்று கயிறு கட்டிய பக்கத்தில் நின்றோம். அப்புக்காத்தர் மாலை போட்டுக்கொண்டு மேடையில் இருந்தார். தியாகராசா அண்ணையைக் கையில் பிடித்துக் கூட்டி வந்து, பச்சைக்காக இரத்தம் சிந்திய வீரன் என்றார். சனம் கைதட்டியது. அண்ணை நின்றார். தலைக்கட்டைத் தடவிக்கொண்டு சனத்தைப் பார்த்தார். மறந்துபோனாரோ என்று யாரோ பின்னால் கேட்டார்கள்.

"என்னை ஒருதரும் அடிக்கேல்லை," என்றார் அண்ணை. "நன்னித்தம்பியின்ரை துலாவிலை பச்சைக்கொடி கட்டப் போனனான். துலாக்கொடி பிடிக்க ஆளில்லாமல் ஏறினனான். விழுந்தனான். இரத்தத்தோடை கிடந்த என்னை மடியிலை தூக்கி வைச்சவன் அவன்தான்."

வேட்டி மடிப்புக்குள் இருந்து, அன்றைக்குத் தொட்டியில் கிடந்த அந்தப் பச்சைத் துணியை எடுத்து, சேற்றுக் கறையோடு விரித்துக் காட்டினார். தியாகராசா அவர் கையைப் பிடித்து இழுத்தார், தலை சரியில்லை என்று சனத்துக்குச் சொன்னார். ஆனால் முன்னுக்கு இருந்த தோட்டக்காரர்கள் விட்டுவிடவில்லை. ஆளில்லாமல் துலா ஏறினேன் என்று எந்தத் தோட்டக்காரனும் பொய்க்குச் சொல்லமாட்டான். மண்டை உடைந்ததை விட வெட்கம் அதிலே. பின்னால் இருந்த பொடியள் சிரித்தார்கள், யாரோ ஊளையிட்டான். அண்ணை அந்தச் சிரிப்புக்கு நடுவே மேடையால் இறங்கி, கயிற்றைத் தாண்டி, எங்கள் பக்கம் வந்தார். வேர்த்து நனைந்திருந்தார். என் அண்ணையை நினைத்து நான் அன்றைக்குப் பூரித்ததுபோல வேறு எப்போதும் பூரித்ததில்லை.

கோட்டிலும் அதையே சொன்னார். வழக்கைத் தள்ளினார்கள். சிவப்புக்காரர் மாலையோடு வந்து, இனி எங்கள் மேடையில் ஏறு என்று கேட்டார்கள். எனக்கு ஏறி விழுந்தது காணும், இனிப் போதும் என்று அண்ணை சொல்லி அனுப்பிவிட்டார். வோட்டன்று அண்ணையும் என் மனுசனும் ஒருவருடைய காரிலும் ஏறாமல் ஒன்றாக நடந்து போனார்கள். எந்தப் பெட்டிக்குள் போட்டாய் என்று சந்தியில் கேட்டவர்களுக்கு, தலையில் அடிபட்டவன், ஞாபகமில்லை என்றார் அண்ணை. அந்தப் பதிலை அவர் பிறகு எல்லாத் தேர்தலுக்கும் வைத்துக்கொண்டார். நானும் போட்டேன். எதிலே என்று என் மனுசனுக்கே சொல்லவில்லை, உங்களுக்குச் சொல்வேனா.

துலாவில் நடக்க மட்டும் அண்ணையால் முடியவில்லை. உயரத்தில் நின்றால் தலை சுற்றியது. அதனால் இடம் மாறிக்கொண்டார்கள். என் மனுசன் மேலே, அண்ணை கீழே. என் மனுசன் துலா மிதிக்கிற சீரைப் பார்க்க றோட்டில் ஒருவரும் நிற்கவில்லை, அது வேறு கதை. முதல் நாள் காலை வைக்கமுன், "பிடிச்சாச்சோ?" என்று அவர் இரண்டு தடவை கேட்டார். ஓம் மச்சான், பிடிச்சிருக்கிறன், ஏறு என்று அண்ணை கொடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னார். உலக யுத்தம் வந்து, அரிசிக்குக் கூப்பன் வந்து, யுத்தமும் முடிந்துபோன காலம் வரைக்கும் அவர் அந்தக் கொடியை விடவில்லை.

எல்லாம் திரும்பி வந்தது என்று சொல்லமாட்டேன். சண்டை பிடித்த அன்றைக்குக் கிணற்றடியில் என்ன கதைத்தோம் என்பது அவருக்குக் கடைசி வரையும் வரவில்லை. என் மூத்தவளின் கலியாணத்தன்று, தாய்மாமன் சடங்கெல்லாம் முடித்துவிட்டு, வேலிப் பொட்டடியில் வந்து என் பக்கத்தில் இருந்தார். அடைத்த கயிற்றின் தடம் வேலிக்கு நட்ட அந்தக் கதியால் மரத்தில் இன்னும் இருந்தது. அதை விரலால் தடவிக்கொண்டு கேட்டார்.

"பிள்ளை, உண்மையைச் சொல்லு. இதை அடைச்ச அண்டைக்கு நான் உனக்கு என்ன சொன்னனான்?"

அந்த வசனம் எனக்கு எழுத்துக் கூட்டின மாதிரி ஞாபகம் இருக்கிறது. இன்றைக்கும் இருக்கிறது.

"ஒண்டும் சொல்லேல்லை, அண்ணை," என்றேன். "வாங்கோ, பந்தி போட்டாச்சு, சாப்பிடுவம்."